விலையிலாப் பொருளைப் பரப்பும் வகை

தோற்றுவாய்

பொருள் விற்பான் ஒருவன் தன் பொருளைப் பலரும் அறியுமாறு விளம்பரஞ் செய்தல் இயல்பே. அதற்காகும் செலவு விலையோடு சேர்ந்து மீண்டும் அவன் கைக்கே வந்துவிடும். ஆனால் விலையே இல்லாத ஒரு பொருளை, அதனால் ஒரு காசும் ஊதியம் பெறாதார் பலர் ஒன்றுகூடி உலகெங்கும் பரப்ப முற்படின், அவர் கைக்கொள்ளும் வழிகள் யாவை? அவ்வழிகள் எங்கே பயன் தந்தன? எங்கே தவறின? இவ்வினாக்களுக்கு இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

யாம் ஆராய எடுத்துக்கொண்டது கணினியின் இயங்குதளங்களுள் ஒன்றாகிய லினக்ஸ் ஆகும். இயங்குதளமாவது யாது? கணினியின் பொறியுறுப்புகளுக்கும், எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் நாம் கையாளும் மென்பொருள்களுக்கும் இடைநின்று, இரண்டையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளமாம். அது வீட்டிற்கு அடித்தளம் போல்வது. குடியிருப்போர் அதனை நாடோறும் நினைப்பதில்லை. ஆயினும் அதன்மேலன்றி ஒரு சுவரும் நில்லாது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். காரணம் இரண்டு உள. இப்பொருளின் வரலாற்றில் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு பற்றிய சிக்கலொன்று பெரிதும் இடம்பெற்றமை ஒன்று. சென்ற ஈராண்டுகளில் விடுதித் தோழர் சிலரோடு கூடி யாமே இப்பணியிற் புகுந்து, முதன்முறை பெரிதும் பிழைத்து, மறுமுறை சிறிது கற்றமை மற்றொன்று. அப்பிழையையும் மறையாது பின்னர்க் கூறுவோம்.

1. பொருளின் இயல்பு

1983 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டினராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், குனு என்னும் பெயரால் ஓர் இயங்குதளத்தை இயற்றப் போவதாக அறிவித்தார். எவரும் அதனைத் தடையின்றிப் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைக் கற்கலாம், வேண்டியவாறு திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இதுவே அவர் கொண்ட கொள்கை. 1985 ஆம் ஆண்டில் இக்கொள்கைக்கென ஓர் அறக்கட்டளை தோன்றியது. 1989 ஆம் ஆண்டில் குனு பொது உரிமம் வெளிவந்தது. அவ்வுரிமத்தின்கீழ் ஒரு மென்பொருளைப் பெற்றவன், அதனைப் பிறர்க்கு வழங்குங்கால், அதன் மூலநிரலையும் தான் பெற்ற உரிமைகள் அனைத்தையும் உடன் வழங்குதல் வேண்டும். கொள்வான் பெற்ற உரிமை அவனோடு நின்றுவிடாமல் கைமாறிச் செல்லுமாறு அமைத்ததே அவ்வுரிமத்தின் சிறப்பு.

1991 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25 ஆம் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தாம் ஓர் இயங்குதளம் இயற்றி வருவதாகவும், அது பொழுதுபோக்கேயன்றிப் பெரிதொன்றன்று எனவும் பிறர்க்கு எழுதினார். அப்போது அவர்க்கு அகவை 21. அவர் இயற்றிய உட்கருவும், குனுத் திட்டத்தார் முன்னரே இயற்றி வைத்திருந்த கருவிகளும் ஒன்றுசேர, முழுமையானதோர் இயங்குதளம் உருவாயிற்று.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. டோர்வால்ட்ஸ் முதலில் விதித்த உரிமம், அதனைப் படியெடுத்து வழங்குவோர் பணம் பெறலாகாது என்று தடுத்தது. நல்லெண்ணத்தால் விதித்த அத்தடை, பொருள் பரவுதற்கே இடையூறாய் நின்றது. வட்டு வாங்கவும் அஞ்சலில் விடுக்கவும் பணம் வேண்டுமன்றோ? 1992 ஆம் ஆண்டில் அவர் குனு பொது உரிமத்தை ஏற்ற பின்னர், விலைக்கும் வழங்கலாம், விலையின்றியும் வழங்கலாம், உரிமைகளை மட்டும் மறைத்தலாகாது என்னும் நிலை உண்டாயிற்று. அதன்பின் வட்டு விற்போரும், நூலோடு குறுந்தகட்டை இணைத்து வெளியிட்டோரும், ரெட் ஹேட், சூசே முதலாய நிறுவனத்தாரும் அதனை நாடுகள் பலவற்றிற்கும் கொண்டு சென்றனர். விலையிலாப் பொருளைப் பரப்ப விரும்புவார்க்கு, அதனாற் பிறர் ஊதியம் பெறுதலைப் பொறுக்கும் உள்ளம் முதற்கண் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைப் பேணிய முறையை அறிந்தார்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். ஒருவர் வீட்டுச் சுவடியை மற்றொருவர் வாங்கிப் படியெடுப்பித்தார். ஏடெழுதினார்க்குக் கூலி கொடுத்தார். கூலி எழுத்துக்கே, நூலுக்கு அன்று. எங்கே படியெடுத்தல் நின்றதோ, அங்கே நூல் செல்லுக்கு இரையாயிற்று.

2. சொல்லால் விளைந்த இடர்

இப்பொருளைப் பரப்ப முயன்றோர் முதலில் எதிர்ப்பட்ட தடை ஒரு சொல்லே. 'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல், விலையின்மையையும் குறிக்கும், கட்டின்மையையும் குறிக்கும். ஸ்டால்மன் கருதியது பின்னது; கேட்டோர் கொண்டது முன்னது. விலையில்லாப் பொருள் தரமில்லாப் பொருள் என்று வணிகர் ஒதுக்கினர்.

1998 ஆம் ஆண்டு ஜனவரியில், நெட்ஸ்கேப் நிறுவனத்தார் தம் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தனர். அதனையொட்டி அடுத்த திங்களில் கலிஃபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்ட்டோ நகரிற் கூடிய சிலர், வணிகவுலகம் அஞ்சாத ஒரு பெயரை நாடினர். கிறிஸ்டின் பீட்டர்சன் என்னும் பெண்மணியார் முன்மொழிந்த 'திறந்த மூலம்' என்னும் பொருள்தரும் தொடரை அவர்கள் ஏற்றனர். எரிக் ரேமண்டு, புரூஸ் பெரன்ஸ் ஆகிய இருவரும் அவ்வாண்டிலேயே அப்பெயரால் ஒரு கழகம் நிறுவினர். பெயர் மாறியவுடன் செய்தித்தாள்களும் பெருநிறுவனங்களும் செவிசாய்த்தன. ஸ்டால்மனோ அப்பெயரை ஏற்றிலர். மூலம் திறந்திருத்தல் செய்முறைச் சிறப்பு மட்டுமே. உரிமை என்னும் அறம் அப்பெயரில் மறைந்துபோகின்றது என்பது அவர் கூற்று. இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. கேட்போர்க்கு இனிய சொல்லைத் தேர்தல் பரப்புவோன் கடமை. அச்சொல் பொருளின் உயிரை விட்டுவிடாமல் காத்தலும் அவன் கடமையே.

தமிழில் இவ்விடர் இல்லை. விலையின்மைக்கு 'இலவசம்' என்றும், உரிமைக்குக் 'கட்டற்ற' என்றும் வெவ்வேறு சொற்கள் நமக்கு உள. ஆயினும் யாம் விடுதியில் முதன்முறை பேசியபோது, எளிதாய் இருந்தமையின் 'இலவசம்' என்றே சொன்னோம். கேட்டோரும் இலவசப் பொருளை மதிக்கும் அளவே மதித்தனர். நல்ல சொல் மொழியில் இருத்தல் மட்டும் போதாது. அது நாவிலும் இருத்தல் வேண்டும்.

3. பெயரும் சின்னமும்

வணிக நிறுவனம் தன் சின்னத்தைப் பிறர் கையாளாதவாறு காக்கும். லினக்ஸ் குழாத்தினர் இதற்கு மாறாய் நடந்தனர். 1996 ஆம் ஆண்டில் லாரி ஈவிங் என்பார் வரைந்த, உண்டு களித்து அமர்ந்திருக்கும் பெங்குவின் பறவையே லினக்ஸின் சின்னமாயிற்று. டக்ஸ் எனப்படும் அப்பறவையை எவரும் வரையலாம், மாற்றலாம், துணியிலும் தாளிலும் அச்சிடலாம் என விட்டமையின், ஊர்தோறும் ஒவ்வொரு குழுவும் தனக்கேற்ற உடையை அதற்கு அணிவித்துக்கொண்டது.

ஸ்பெயின் நாட்டு எக்ஸ்ட்ரிமதூரா என்னும் பகுதியின் அரசு, 2002 ஆம் ஆண்டில் தன் பள்ளிகளுக்கென ஒரு லினக்ஸ் வழங்கலை வெளியிட்டது. அதன்கண் உள்ள மென்பொருள்களுக்கு அப்பகுதியின் சான்றோர் பெயர்களையே சூட்டினர். படந்தீட்டும் மென்பொருளுக்கு அம்மண்ணிற் பிறந்த சுர்பரான் என்னும் ஓவியர் பெயர் வாய்த்தது. உரிமம் இடங்கொடுத்தமையால் அயலார் பொருள் இவ்வாறு தம் பொருளாயிற்று. விளம்பரத்தால் இதனைச் செய்தல் அரிது. கொள்வானையே உரியவனாக்குதலால் செய்தல் எளிது.

4. கூட்டமும் நிறுவுவிழாவும்

1990-களில் பல நாடுகளிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. திங்களுக்கொரு முறை ஒரு கல்லூரி அறையிலோ நூலகத்திலோ கூடி, ஒருவர் ஒரு பொருள் பற்றி உரை நிகழ்த்த, ஏனையோர் ஐயம் வினவி அறிதல் அவற்றின் வழக்கம். சென்னையிலும் அத்தகைய குழுவொன்று பல்லாண்டுகளாக இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திற் கூடி வந்துள்ளது.

இக்குழுக்கள் கண்ட சிறந்த வழி நிறுவுவிழா. புதியோர் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவர். அறிந்தோர் அருகிருந்து இயங்குதளத்தை நிறுவித் தருவர். இவ்விழாவில் விற்போனும் கொள்வோனும் இல்லை. பக்கத்தில் அமர்ந்த இருவரே உளர். நோயுற்றான் மருந்தின் பெயரைச் சுவரிற் படிப்பதற்கும், அறிந்த ஒருவர் கையாற் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இதன்கண் உண்டு. 2004 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் மென்பொருள் விடுதலை நாளும் இம்முறையின் விரிவே எனலாம்.

5. குறுந்தகடும் கால ஒழுங்கும்

புதியதொன்றை ஏற்பதில் மக்களுக்குள்ள அச்சம், பழையது கெடுமோ என்பதே. இவ்வச்சத்தை நீக்க ஒரு நல்ல வழி பிறந்தது. ஜெர்மனி நாட்டுக் கிளாவுஸ் குனோப்பர் 2000 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட குனாப்பிக்ஸ் என்னும் வழங்கல், கணினியினுள் ஒன்றையும் நிறுவாமல், குறுந்தகட்டிலிருந்தே இயங்கியது. தகட்டை இட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லையேல் எடுத்துவிடலாம், கணினி பழையபடியே இருக்கும். வாங்குமுன் சுவைத்துப் பார்க்கத் தருதல் போல்வது இது.

2004 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20 ஆம் நாள், தென்னாப்பிரிக்கராகிய மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய கனோனிக்கல் நிறுவனத்தின் ஆதரவில் உபுண்டு என்னும் வழங்கல் வெளிவந்தது. உபுண்டு என்பது தென்னாப்பிரிக்க மொழிகளில் மனிதர் ஒருவர்க்கொருவர் காட்டும் மனிதநேயத்தைக் குறிக்கும் சொல்லாம். கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகட்டை அஞ்சற்கட்டணமும் பெறாமல் வீட்டிற்கே விடுத்தனர். இணைய வேகம் குறைந்த நம் நாட்டு மாணவர் பலர்க்கு அக்காலத்தில் அந்த உறையே லினக்ஸின் வாயிலாய் அமைந்தது. ஒருவர் பல தகடுகளையும் கேட்டுப் பெறலாம்; பெற்றவர் தம் தோழர்க்கு வழங்குவர். இவ்வாறு பெற்றோனே பரப்புவோனும் ஆயினான். 2011 ஆம் ஆண்டில் இத்திட்டம் நிறுத்தப்பட்டது.

உபுண்டு கைக்கொண்ட மற்றொரு முறை கால ஒழுங்கு. ஏப்ரலிலும் அக்டோபரிலும், ஆறு திங்களுக்கொரு பதிப்பு தவறாது வெளிவரும் என்று அறிவித்தனர். நாள் முன்னரே தெரிந்தமையின், ஊர்தோறும் உள்ள குழுவினர் வெளியீட்டு விழா எடுக்க முடிந்தது. அன்றியும், புதியோரிடம் பொறுமையும் பணிவும் காட்டுதல் வேண்டும் என்னும் ஒழுக்க விதியொன்றைக் குழுவினர்க்கு வகுத்தனர். அறியாது வினவினாரை எள்ளி நகையாடும் பழக்கம் கணினி வல்லுநரிடை இருந்தமையின், இவ்விதி வேண்டுவதாயிற்று. ஒரு கடுஞ்சொல் நூறு குறுந்தகடுகளின் பயனைக் கெடுக்கும்.

6. மொழியும் பள்ளியும்

கட்டற்ற மென்பொருளின் சொற்களை எம்மொழியினரும் எவர் இசைவையும் வேண்டாது தம் மொழியிற் பெயர்த்துக்கொள்ளலாம். தமிழன்பர் பலர் ஊதியமின்றி அதன் பட்டிகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்கியுள்ளனர். சென்னையில் இந்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனத்தார் டெபியன் வழங்கலை அடியாகக் கொண்டு, இந்திய மொழிகட்கு இடமளிக்கும் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மொழிபெயர்த்தல் ஒரு வகையில் பரப்புதலே; தன் மொழியிற் பேசும் பொருளை எவனும் அயற்பொருளென எண்ணான்.

கேரள மாநிலத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைப் பாடத்திற்கு ஏற்றுக்கொண்டமை அண்மை வரலாற்றிற் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அங்கு வெற்றிக்குக் காரணமாயிருந்தது கணினியை வழங்கியது மட்டுமன்று. ஆசிரியர்களைப் பயிற்றி, அவருட் சிலரைப் பிற ஆசிரியர்க்குப் பயிற்சியாளராக்கியமை. ஐயம் எழுந்தபோது வினவுதற்குரியவர் அப்பள்ளியிலேயே இருந்தனர்.

7. பரப்புவோர்க்கு எட்டாத இடம்

இத்துணை முயன்றும் வீட்டுக் கணினிகளில் லினக்ஸின் பங்கு சிறிதாகவே நின்றது. காரணம் என்னை? பெரும்பாலோர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. கடையில் வாங்கும் கணினியுடன் வந்ததையே வைத்துக்கொள்வர். 1999 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் கலிஃபோர்னியாவில் லினக்ஸ் அன்பர் சிலர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அலுவலகத்திற்கு ஊர்வலமாகச் சென்று, தாம் பயன்படுத்தாத விண்டோஸுக்காகக் கணினி விலையோடு கொடுத்த பணத்தைத் திருப்பித் தருமாறு வேண்டியது இக்காரணம் பற்றியே.

2004 ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஷட்டில்வொர்த், உபுண்டுவின் வழுக்கள் பட்டியலில் முதல் வழுவாக, 'சந்தையிற் பெரும்பங்கு மைக்ரோசாஃப்ட்டுக்கே உரியதாயிருத்தல்' என்பதைப் பதிந்தார். 2013 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் அவ்வழு தீர்ந்ததாக அவரே அறிவித்தார். தீர்த்தது உபுண்டு அன்று; கைப்பேசியும் பலகைக் கணினியும் பரவி, கணினியுலகின் அமைப்பே மாறியமை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கரு லினக்ஸே. உலகின் ஆற்றல்மிக்க 500 மீக்கணினிகளும் 2017 ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆகவே பொருள் வென்றது, ஆயினும் அதனைக் கையில் வைத்திருப்பார் பலர் அதன் பெயரையும் அறியார், உரிமையையும் அறியார்.

அரசு ஆணையால் வந்த மாற்றமும் நிலைப்பது அரிது. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சியினர் 2003 ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினர். 2017 ஆம் ஆண்டில் அந்நகர மன்றமே மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. ஆள்வோர் மாறின் ஆணையும் மாறும். பயன்படுத்துவோர் உள்ளத்தில் வேரூன்றியதே நிலைக்கும்.

8. எம் விடுதியில் நேர்ந்தது

இனி எம் பிழையைக் கூறுதும். சென்ற ஆண்டின் முற்பருவத்தில், மேற்கூறிய வரலாற்றை அரைகுறையாய்க் கற்ற யாம் நால்வர், பழங்கணினிகளின் மெதுவான நடையால் இடர்ப்பட்ட தோழர்க்கு உதவுவோம் எனப் புறப்பட்டோம். உணவறையில் நின்று பேசினோம்; பழைய இயங்குதளத்தை இகழ்ந்தோம்; ஒரே மாலையில் 11 கணினிகளில் லினக்ஸை நிறுவினோம். எண்ணிக்கை மிகுந்ததே வெற்றியென மகிழ்ந்தோம்.

அம்மாலையில், முதலாண்டு பயிலும் தம்பி ஒருவனுடைய கணினியில், பழையதைக் காத்து நிறுவும் வழியைத் தேர்வதற்கு மாறாக, வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்துவிட்டோம். அவன் கோப்புகளைப் படியெடுத்து வைத்தோமா என எங்களுள் ஒருவரும் வினவவில்லை. மறுநாட்காலை அவன் எம் அறை வாயிலில் நின்று, "அண்ணா, அக்காள் கலியாணப் படங்கள் அதில்தான் இருந்தன; வேறெங்காவது இருக்குமா?" என்றான். சினந்து கேட்டிருப்பின் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்போம். அவன் சினவாமையால் விடை கூற இயலாது நின்றோம். அவன் மாமா கைப்பேசியிற் சில படங்கள் கிடைத்தன. ஏனையவும், அவன் எழுதி முடித்திருந்த பருவக் கட்டுரையும் போனவையே.

ஏனையோர் நிலையும் நன்றாயில்லை. ஒருவர்க்கு அச்சுப்பொறி இணங்கவில்லை. மற்றொருவர் பழைய எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ்க் குறிப்புகள், ஒருங்குறியில் இல்லாமையால், பொருளற்ற குறிகளாய்த் தோன்றின. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் யாமோ அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பருவ முடிவில் 11 கணினிகளுள் 3-இல் மட்டுமே லினக்ஸ் எஞ்சியது. பொருளிற் குறையில்லை, கொடுத்துவிட்டு அகன்றதே குறை.

அடுத்த பருவத்தில் வேறு முறை மேற்கொண்டோம். கிழமைக்கு ஒரு கணினிக்கு மேல் தொடுவதில்லை எனத் துணிந்தோம். கணினி உடையவர் அதனால் நாடோறும் யாது செய்கின்றார் என முதலில் வினவினோம். கோப்புகளை வேறொரு வட்டிற் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனவும் பார்த்தோம். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கச் செய்து ஒரு கிழமை பழகவிட்டோம். அதன்பின் விரும்பினார்க்குப் பழையதும் புதியதும் ஒருங்கே இருக்குமாறு நிறுவினோம். சனிக்கிழமை மாலைதோறும் படிப்பறையின் மூலைமேசையில் இருப்போம், எவ்வையம் எழினும் வரலாம் என்று சொல்லி, அவ்வாறே இருந்தோம்.

அம்முறையில் நிறுவியவை 6; நிலைத்தவை 5. நில்லாத ஒன்று வணிகவியல் பயிலும் அன்பருடையது. அவர் பாடத்திற்கு வேண்டிய கணக்கு மென்பொருள் விண்டோஸிலேயே இயங்குவது. "அண்ணே, கோபிக்காதீர்கள், எனக்குப் பழையதுதான் வேண்டும்" எனத் தயங்கிக் கேட்டார். யாமே அமர்ந்து, பழையதை முன்போல் அமைத்துக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை அவர் தம் அறைத்தோழர் இருவரை அழைத்து வந்து, "இவர்கள் வேண்டாமென்றால் திரும்ப மாற்றியும் தருவார்கள், பயப்படாமல் பாருங்கள்" என்றார். எம் உணவறைச் சொற்பொழிவு செய்யாததை அவருடைய இவ்வொரு சொல் செய்தது.

9. அண்மையில் வாய்த்த காலம்

விண்டோஸ் 10 என்னும் பதிப்பிற்குரிய பொது ஆதரவு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பு வேண்டும் பொறியுறுப்புகள் இல்லாமையால், நன்கு இயங்கும் கணினிகள் பலவும் அதற்கு மாறவியலா நிலையில் நின்றன. இதனை முன்னறிந்த கே.டி.இ. குழாத்தினரும் பிறரும் '10-இன் முடிவு' எனப் பொருள்படும் இயக்கமொன்றை 2025 ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். 'உம் கணினியை எறியாதீர். அதில் லினக்ஸை நிறுவலாம்' என்பது அவர் கூற்றின் சாரம்.

இவ்வியக்கத்தில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர்கள் பொருளின் பெருமையை முதலிற் பேசவில்லை. கொள்வானின் இடரை முதலிற் பேசினர். அன்றியும், பழுது பார்க்கும் மன்றங்களையும் அருகில் உதவவல்லாரையும் பட்டியலிட்டுக் காட்டினர். 1990-களின் நிறுவுவிழா புதிய வடிவில் மீண்டும் வந்தது எனலாம். முப்பது ஆண்டுகளில் குறுந்தகடு வந்து மறைந்தது. அருகமர்ந்து உதவும் மனிதன் தேவை மறையவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன வருமாறு: 

(1) பொருளுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து, இலவசம் என்பதினும் உரிமை என்பதை விளங்கச் சொல்லுதல் வேண்டும். 

(2) கொள்வான் அதனைத் தன்னதாக்கிக்கொள்ளுமாறு பெயரும் மொழியும் திறந்திருத்தல் வேண்டும். 

(3) நிறுவுமுன் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு அளித்தல் வேண்டும். 

(4) பிறர் கோப்பைத் தன் உயிர்போற் காத்தல் வேண்டும். 

(5) பிறர் விரும்பும் பொருளை இகழ்தலாகாது. 

(6) விரும்பாதவர் திரும்பிச் செல்ல வழிவிடுதல் வேண்டும். 

(7) எல்லாவற்றினும் மேலாக, கொடுத்தபின் உடனிருத்தல் வேண்டும்.

வணிகனுக்கு அவன் பெறும் விலையே ஒரு கட்டுப்பாடு. பழுதுபட்டால் வாங்கியவன் வந்து கேட்பான். விலை பெறாதவனைக் கேட்பாரில்லை. ஆதலின் அவன் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். விலையில்லை என்பது பொறுப்பில்லை என்பதன்று. யாம் ஒரு தம்பியின் இழப்பிற் கற்ற பாடம் இதுவே. அவன் இன்று சனிக்கிழமை மேசையில் எம்முடன் அமர்கின்றான். எவர் கணினியைக் கொணரினும், யாம் தொடுமுன் "படியெடுத்து வைத்தாயிற்றா?" என்று அவனே முதலில் வினவுகின்றான்.

கல்லூரி மாணவ அன்பர்காள்! பழையது எனத் தள்ளி வைத்த கணினி உம்மிடம் இருப்பின், அதனை எறியுமுன் ஒருமுறை படிப்பறையின் மூலைமேசைக்குக் கொணர்மின். எம்முன் பயின்று இன்று தொழில் புரியும் பெரியோர், தம் ஊர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர்க்கேனும் இதனைக் கற்பித்து, அவர் ஐயங்கட்குச் சில திங்களேனும் செவிகொடுப்பாராயின், அதுவே இப்பொருளுக்குச் செய்யும் விளம்பரங்களுள் தலையாயதாம்.